பான்ஜோவுக்குப் புதுத் தோல்

பழுதான பொருளொன்று கண்ணிற் பட்டதும் திருப்புளியைத் தேடும் வியாதி நமக்கு நெடுநாளாக உண்டு. கல்லூரியிலே மாணவர்க்கு இலக்கணம் கற்பித்தல் நமது தொழில்; வீட்டிலே மணிக்கூட்டையும் மின்விசிறியையும் கழற்றிப் பரப்புதல் பொழுதுபோக்கு. கழற்றியவற்றுள் எத்தனை மீண்டும் பூட்டப்பெற்றன என்று நேயர்கள் நம்மைக் கேளாதிருப்பது நன்று. அந்தக் கணக்கு நமது இல்லத்தரசியிடம் பத்திரமாக இருக்கின்றது. சென்ற ஆவணி விடுமுறையில் நாம் கைவைத்த பொருள் சற்று விசேடமானது. அது நம்முடையதன்று. மாங்குளத்திலே நமக்கு நான்கு வளவு தள்ளி வசிக்கும் பெரியப்பாவின் பான்ஜோ.

பான்ஜோ என்றவுடன், தட்டச்சுப் பொறிபோலப் பொத்தான்கள் வரிசையாக அமைந்த புல்புல்தாரா சிலருக்கு ஞாபகம் வரலாம். தமிழ்நாட்டில் அதனையும் பான்ஜோ என்றே பலர் வழங்குவர். அது 1912ஆம் ஆண்டில் ஜப்பானிலே தோன்றிய தைஷோகோட்டோ என்னும் வாத்தியத்தின் வழிவந்தது. நாம் சொல்லும் பான்ஜோ வேறு. கஞ்சிராவைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கு ஒரு நீண்ட கழுத்தை வைத்து, தோலின்மேல் தந்திகளை ஓடவிட்டாற்போல் இருப்பது. நம் நாட்டிலே பைலாப் பாட்டுக் கேட்டவர்களுக்கு அதன் கணகணவென்ற ஒலி புதிதன்று. பைலாவின் தந்தை என்று போற்றப்பெறும் வொலி பஸ்ரியன் (1913–1985) பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தவர். பான்ஜோவும் கையுமாகப் பாடிப் பெயர் பெற்றவர்.

பெரியப்பாவின் கைக்கு அவ்வாத்தியம் வந்ததும் உத்தியோகத்தின் வழியாகவே. அவர் 1962ஆம் ஆண்டு புகையிரதப் பகுதியிற் சேர்ந்தார். அக்காலத்தில் புகையிரத இயந்திரச் சாரதிகளிற் பலர் பறங்கியர். அவர்களுள் ஒருவர் இளைப்பாறி அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, பெட்டியில் இடமில்லை என்று இதனைப் பெரியப்பாவிடம் கொடுத்துப் போனாராம். நாம் சிறுவனாயிருந்த நாளில், மாலை வண்டி போனபின் நிலைய விடுதித் திண்ணையிலே பெரியப்பா வாசிக்க, அவருடைய மூத்த மகன், நமக்கு அண்ணா முறையானவர், கதிரையின் பலகையிலே தாளம் போடுவார். 1990ஆம் ஆண்டு ஆனியில் வண்டி நின்றது. வாசிப்பு நிற்கவில்லை.

நின்றது 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில். மாங்குளத்தை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்ட சனத்தோடு பெரியப்பா குடும்பமும் புறப்பட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவதற்கு நெல்மூட்டையும் சட்டிபானையும் இருக்கும்போது பான்ஜோவுக்கு இடம் ஏது? பெரியப்பா இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். கழுத்துத் தனியாகவும் வட்டம் தனியாகவும் வந்தன. வட்டத்தை எண்ணெய்ச் சீலையிற் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துக் கிணற்றடியிற் புதைத்தார். கழுத்தைச் சாரத்திற் சுற்றிக் கையிலெடுத்தார். ஏன் கழுத்தை மாத்திரம் எடுத்தீர்கள் என்று நாம் பின்னாளிற் கேட்டோம். “வட்டம் போனால் வட்டம் செய்யலாம், தம்பி. மெட்டுப் போனால் சுருதி போச்சு” என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு உண்டு. கழுத்திலே பதித்த பித்தளை மெட்டுக்கள் ஒவ்வொன்றும் அளந்து வைத்தவை. தந்தியின் தலைப்பக்கத்து எலும்புத் துண்டாகிய மேருவிலிருந்து மறுமுனைக் குதிரை வரையுள்ள நீளத்தில் ஏறத்தாழ 18இல் ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு. எஞ்சிய நீளத்தில் மீண்டும் 18இல் ஒரு பங்கு தள்ளி இரண்டாவது. இவ்வாறு போனால் 12ஆம் மெட்டு சரிபாதியில் வந்து நிற்கும். அங்கே விரலை வைத்தால் மேல் சட்சம். இந்த அளவு பிசகிய கழுத்தை வீட்டிலே திருத்த எவராலும் இயலாது. தோல், கொக்கி, குதிரை, தந்தி என்பனவோ தேய்வதற்கென்றே அமைந்தவை.

2010ஆம் ஆண்டு மீளக் குடியேறியபோது, கண்ணிவெடி அகற்றுவோர் காணியைச் சோதித்தனர். கிணற்றடியில் அவர்களது கருவி விடாது ஒலித்ததாம். எல்லோரும் விலகி நிற்க, ஒரு முழ ஆழத்தில் வெளிவந்தது தகரப் பெட்டி. உள்ளே பான்ஜோ வட்டம். தோலைக் கறையான் தின்றிருந்தது, கொக்கிகள் துருப்பிடித்திருந்தன. பெரியப்பா அதை வாங்கிப் புதுவீட்டின் வளையிலே தொங்கவிட்டார். கழுத்து அலுமாரிக்கு மேலே கிடந்தது. இரண்டையும் சேர்க்க அவர் முயலவில்லை. சேர்க்கச் சொல்லும் துணிவு நமக்கும் வரவில்லை. தாளம் போட்ட அண்ணாவைப் பற்றி 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒரு செய்தியும் இல்லை.

சென்ற ஆடியில், பெரியப்பாவின் மகள்வயிற்றுப் பேர்த்தி வளையை அண்ணாந்து பார்த்து, “அம்மப்பா, இது என்ன, அரிதட்டா?” என்று கேட்டாள். பாடசாலையிலே சங்கீதத்தை விருப்பப் பாடமாக எடுத்த பிள்ளை. பெரியப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் நம்மை அழைத்து, “உனக்குத்தானே கழற்றிப் பூட்டுகிற பைத்தியம், கொண்டுபோய்ப் பார்” என்றார்.

வட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, அதன் அமைப்பு நமக்கு எங்கோ படித்ததாகத் தோன்றிற்று. பொருநராற்றுப்படையை எடுத்துப் புரட்டினோம். அங்கே பொருநன் கையிலுள்ள யாழின் உறுப்புக்களைப் புலவர் ஒவ்வொன்றாக வருணிக்கின்றார். குழிந்த பத்தர்; அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல்; தோலைப் பிணித்து நிற்கும் ஆணிகள். அவ்வாணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்கள் உவமை. பத்தரும் போர்வைத் தோலும் தந்தியும் என்ற முக்கூட்டு பான்ஜோவிலும் அப்படியே இருக்கின்றது. வழக்கொழிந்த யாழின் உறுப்பிலக்கணத்தை நூல்களிலிருந்து தேடித் தொகுத்து, சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டு ‘யாழ் நூல்’ வெளியிட்டார். நமக்கு அத்தகைய சிரமம் இல்லை. உறுப்புக்கள் யாவும் மேசைமேற் கிடந்தன.

உறவுமுறை வேறாயினும் பான்ஜோவின் கதையும் இரக்கத்துக்குரியது. மேற்காபிரிக்காவிலே சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்துத் தந்தி கட்டிய வாத்தியங்கள் உண்டு. செனகல், காம்பியா நாடுகளில் ஜோலா மக்கள் மீட்டும் அக்கொந்திங் அவற்றுள் ஒன்று. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கையில் வாத்தியம் எடுத்துச் செல்ல வழியில்லை. கரிபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் கிடைத்த குடுக்கையையும் தோலையும் கொண்டு ஞாபகத்திலிருந்தே மீண்டும் செய்தனர். 1840களில் பல்ற்றிமோர் நகரத்து முரசுத் தொழிலாளர் ஒருவர், தம் முரசுகளுக்குப் போடும் திருகாணிக் கொக்கிகளைப் பான்ஜோவுக்கும் போட்டு விற்றார். அன்றுமுதல் தோலை வேண்டியபோது முறுக்கி இறுக்கலாம் என்றாயிற்று. நமது பைலாவுக்கும் ஆபிரிக்கத் தொடர்பு உண்டு. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இங்கே கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் சந்ததியார் புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் இன்றும் தங்கள் மாஞ்சாப் பாட்டைப் பாடி வருகின்றனர். அந்தத் தாளம் பைலாவிற் கலந்தது. இரு வேறு கப்பல்களில் வந்த ஆபிரிக்க இசை இலங்கையிலே சந்தித்துக்கொண்டது போலும்.

இனி வேலைக்கு வருவோம். வீட்டிலே இத்தகைய திருத்தம் செய்ய விரும்பும் நேயர்களுக்கு நமது முதல் விண்ணப்பம்: ஒன்றையும் கழற்றுமுன் ஒரு கொப்பியில் படம் வரைந்து, ஒவ்வொரு கொக்கிக்கும் இலக்கம் இடுங்கள். வெவ்வேறு காலத்திற் போட்ட கொக்கிகள் ஒரே அளவாக இரா; ஒன்றின் சுரை மற்றொன்றில் ஏறாது. நமது வட்டத்தில் 24 கொக்கிகளுக்கு இடம் இருந்தது, இருந்தவை 22. ஒவ்வொன்றின் சுரைக்கும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தோம். அவசரப்பட்டுக் குறடு கொண்டு திருகினால் துருப்பிடித்த மரை முறிந்துவிடும். இல்லாத இரண்டுக்கும் கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்திக்கருகே உள்ள திருத்தகத்தில் வழி பிறந்தது. பழைய மோட்டார் சைக்கிளின் சில்லுக் கம்பிகள் இரண்டை வெட்டி, மரை உள்ள முனையை அப்படியே விட்டு, மறுமுனையைத் தூண்டில்போல் வளைத்துக் கொடுத்தார் அங்குள்ள இளைஞர். கூலி கேட்டதற்கு, “வாசிக்கிற நாளைக்குச் சொல்லுங்கோ மாஸ்ரர், வந்து கேட்கிறன்” என்றார்.

அடுத்தது தோல். 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே பொலியெஸ்ரர் என்னும் செயற்கைப் பொருளால் முரசுத் தோல் செய்யத் தொடங்கினர். இன்று பான்ஜோக்களிற் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போர்வை. மழைக்குத் தளராது, வெயிலுக்கு இறுகாது, வளையத்தோடு பொருத்தியே விற்பதால், அளவைச் சொல்லி வாங்கி வைத்து இறுக்கினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். நாமும் அதனையே சிபாரிசு செய்தோம். பெரியப்பா சம்மதிக்கவில்லை. அந்தப் போர்வையில் ஒலி கூர்மையாய்க் கிளம்பும். தோலில் எழும் ஒலி சற்றுத் தணிந்து உருண்டு வரும். வித்தியாசம் சிறிதுதான் என்றோம். “எனக்குக் காதும் சிறிதுதான் மிச்சம், அதற்குள்ளே பழைய சத்தம்தான் கேட்கட்டும்” என்றார். அதற்குமேல் வாதாட முடியுமா?

யாழ்ப்பாணம் சென்று, மிருதங்கமும் தவிலும் மூட்டும் முதியவர் ஒருவரைக் கண்டோம். வட்டத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தவிலுக்கும் இப்போது வாருக்குப் பதிலாக இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டதனால் கொக்கிகள் அவருக்கு வியப்பளிக்கவில்லை. “இது கழுத்து வைத்த தவிலல்லோ” என்று சிரித்து, மெல்லிய ஆட்டுத் தோல் இரண்டு தெரிந்து தந்தார். ஒன்று போதுமே என்றோம். “முதலாவது உங்களுக்குப் படிப்பிக்கும், இரண்டாவது வேலை செய்யும்” என்றார்.

அவர் வாக்குப் பலித்தது. முதலாவது தோலை நீரில் ஊறவைத்து வட்டத்தின்மேல் விரித்தோம். ஈரத் தோல் தளதளவென்று இருந்தது. தளர்வாயிருக்கின்றதே என்று எண்ணி, 24 கொக்கிகளையும் நம் பலங்கொண்ட மட்டும் இறுக்கினோம். விரைவிற் காயட்டுமென்று முற்றத்து வெயிலில் வைத்தோம். வன்னியிலே ஆவணி மாதச் சோளகக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பகல் இரண்டு மணிக்கு வெடிச்சத்தம்போல் ஒன்று கேட்டது. குசினியிலிருந்து ஓடிவந்த இல்லத்தரசி முதலில் நம்மைப் பார்த்தார். பின்னர் முற்றத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். தோல் குறுக்கே கிழிந்து கிடந்தது.

செய்த பிழை இதுதான். தோல் காயும்போது தானாகவே சுருங்கி இறுகும். ஈரத்தில் நாம் இறுக்குவது அதன் இறுக்கத்தோடு சேர்ந்துவிடுகின்றது. ஆகவே இரண்டாவது தோலை முறைப்படி போர்த்தினோம். குளிர்ந்த நீரில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஊறவைத்து, நனைந்த சீலைபோல் ஆனதும் எடுத்து, துவாயால் ஒற்றி, வட்டத்தின்மேல் விரித்தல் வேண்டும். அதன்மேல் கம்பி வளையத்தை வைத்து, தோலின் ஓரத்தைச் சுற்றிவர மேலே மடித்து, அதற்குமேல் இறுக்கு வளையத்தை அமர்த்தல் வேண்டும். கொக்கிகளைச் சுருக்கம் நீங்கும் அளவுக்கு மாத்திரம் முடுக்க வேண்டும். இறுக்கு வளையம் இறுதியில் இறங்கவேண்டிய இடத்திற்குச் சற்று மேலேயே நிற்கட்டும். காய்ந்தபின் கீழே இழுப்பதற்கு அந்த இடைவெளி தேவை. பின்னர் நிழலிலே இரண்டு நாள். மூன்றாம் நாள் சவர அலகினால் மிகுதித் தோலை ஓரமாய் அரிந்தோம்.

இறுக்குவதிலும் முறை உண்டு. வாகனச் சில்லைப் பூட்டுபவர்கள் ஒரு சுரையை முடுக்கியதும் அதற்கு நேரெதிர்ச் சுரையை முடுக்குவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறே இங்கும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, ஒரு முறைக்குக் கால் திருகு வீதம், நாளுக்கு ஒருதரம். ஓரமெங்கும் விரலாற் தட்டிப் பார்த்து, ஒலி தணிந்த இடத்துக் கொக்கியைச் சற்று முடுக்க வேண்டும். ஐந்து நாளில் வட்டம் முழுவதும் ஒரே ஒலி எழுந்தது. அன்று பெரியப்பா வந்து ஒருமுறை தட்டினார், தலையசைத்தார்.

குதிரை தொலைந்துபோயிருந்தது. பான்ஜோவின் குதிரையைப் பசைபோட்டு ஒட்டுவதில்லை. தந்தியின் அழுத்தமே அதனைத் தோலின்மேல் நிறுத்தி வைக்கின்றது. ஆதலால் வீட்டிலே செய்வதற்கு எளிதான உறுப்பும் அதுவே. இல்லத்தில் உடைந்த கருங்காலி உலக்கைத் துண்டொன்று இருந்தது. கருங்காலியினும் உறுதி வேறேது என்று அதனைச் சீவி, முக்காற் பகல் செலவிட்டு, கோவிற் கோபுரம்போலக் குதிரையொன்று செய்தோம். தந்தி பூட்டித் தட்டினால், தலையணைக்குள் வைத்துத் தட்டியதுபோல் ஒலி அமுங்கிற்று. பாரம் மிகுந்த குதிரை தந்தியின் அதிர்வைத் தோலுக்குச் செல்லவிடாது தானே விழுங்கிவிடும். இலேசான, இழை நெருங்கிய மரமே ஏற்றது. மேல்விளிம்பில் மாத்திரம் தந்தி அறுக்காமலிருக்க ஒரு கருங்காலிக் கீற்றுப் போதும். தேடியபோது அகப்பட்டது நமது பழைய அடிமட்டம். இருபது ஆண்டுகளாக வகுப்பறை மேசைகளைத் தட்டி ஓய்ந்தது. அதில் இரண்டரை அங்குலம் அறுத்து, மூன்று கால் வைத்து, முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் குதிரை செய்து, உலக்கைக் கீற்றை உச்சியில் ஒட்டினோம். ஒரு பக்கத்தில் 7, 8, 9 என்ற இலக்கங்கள் இன்றும் தெரியும். ஒலி கணீரென்று வந்தது.

குதிரையை எங்கே நிறுத்துவது? மேருவிலிருந்து 12ஆம் மெட்டுக்கு எவ்வளவோ, 12ஆம் மெட்டிலிருந்து குதிரைக்கும் அவ்வளவு. அளந்து நிறுத்தியபின் காதினால் ஒத்துப் பார்க்க வேண்டும். 12ஆம் மெட்டுக்கு நேரே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் ஒரு சுரம் எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் ஒரு சுரம் எழும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரையைக் கழுத்துக்குத் தூரமாகவும், இறங்கியிருந்தால் கழுத்துக்குக் கிட்டவாகவும் நகர்த்துக. இரண்டும் ஒத்தால் பென்சிலாற் காலடியில் அடையாளம் இடுக.

தந்திக்கும் ஒரு குறிப்பு. பான்ஜோத் தந்தியின் முனையிலே வளையம் இருக்கும். கிற்றார்த் தந்தியின் முனையிலே சிறு பித்தளை உருளை இருக்கும். கடைகளில் எளிதிற் கிடைப்பது பின்னது. உருளையைக் குறட்டாற் பக்கவாட்டில் நெரித்து நீக்கினால், தந்தியின் வளையம் மிஞ்சும். பழைய தந்தியின் கனத்தைப் பார்த்தே புதியதை வாங்குக. இனி மாற்றும்போது நான்கையும் ஒருமிக்கக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் குதிரை இடம் பெயராது.

இவ்வளவும் முடித்தபின் நமக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எஞ்சியவை முறுக்காணிகள் நான்கு. வீணைக்காரர் பிரடை என்பது இதுவே. மூன்று, பழைய கறுத்த ஆணிகள். நான்காவது முதிரை மரத்திற் கத்தியாற் சீவியது. தலை கோணலாய், ஒரு பக்கம் தடித்து, பார்வைக்கு அருவருப்பாக இருந்தது. தந்தியை ஏற்றினால் வழுக்கிற்று. கொழும்பிலிருந்து பளபளப்பான புதிய ஆணிகள் நான்கு தருவித்துப் பூட்டினோம். கழற்றியவற்றை விறகுச் சிராய்கள் கிடந்த பெட்டியிற் போட்டோம்.

மாலை பெரியப்பா வந்தார். வட்டமும் கழுத்தும் ஒன்றாயிருப்பதைப் பதினாறு, பதினேழு ஆண்டுகளின் பின் அன்றுதான் கண்டார். கையில் எடுத்தார். தோலைத் தடவினார். குதிரையின் இலக்கங்களைப் பார்த்துச் சிரித்தார். பின்பு இடக்கை மேலே சென்று, முறுக்காணிகள் இருக்கும் தலைப்பக்கத்தைத் தடவி நின்றது. ஒவ்வொன்றாகத் தொட்டார். மூன்றாவதைத் தொட்டுவிட்டு மீண்டும் முதலாவதைத் தொட்டார்.

“மற்ற ஆணி எங்கே, தம்பி?”

“அது வழுக்கிற ஆணி, பெரியப்பா. புதிது போட்டிருக்கிறேன்.”

“அது பெரியவன் சீவினது.”

நாம் பதில் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு, பாதை திறந்திருந்த காலத்தில், உடைந்த ஆணிக்குப் பதிலாக அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் திண்ணையிலிருந்து சீவிய ஆணி அது என்று பின்னரே அறிந்தோம். குசினிக்கு ஓடினோம். சிராய்ப் பெட்டி பாதி காலியாயிருந்தது. அன்று மாலை தேநீருக்கு அடுப்பு எரிந்திருந்தது. பெட்டியை நிலத்திலே கவிழ்த்தோம். இல்லத்தரசியும் குந்தியிருந்து தேடினார். பழைய கறுத்த ஆணி ஒன்று அகப்பட்டது. இரண்டாவது அகப்பட்டது. பின்னர் வெகு நேரம் ஒன்றும் அகப்படவில்லை. சாம்பலைக் கிளறுவதற்காக நாம் எழுந்தபோது, இல்லத்தரசி பெட்டியின் அடித்தகட்டுக்கும் பலகைக்கும் இடையே விரலை நுழைத்து அதனை இழுத்தெடுத்தார். மூன்றாவது கறுத்த ஆணி இன்றுவரை கிடைக்கவில்லை. அது எரிந்துவிட்டது. எது எரிந்திருக்கும் என்று நினைக்கும்போது இப்பொழுதும் நமது நெஞ்சு திடுக்கிடுகின்றது.

புதிய ஆணிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு முதிரை ஆணியைத் திரும்பப் பொருத்தினோம். வழுக்குவதற்கு மருந்து நமது சட்டைப் பையிலேயே இருந்தது. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியை ஆணியின் உடம்பிற் பூசினால் பிடிக்கும். மிகுதியாய்ப் பிடித்தால் சிறிது சவர்க்காரம் தேய்த்தால் இளகும். வயலின் வாசிப்பவர்கள் அறிந்த உபாயம். அன்றைக்கு அது அரைகுறையாகவே பிடித்தது. பெரியப்பா ஒரு பைலாவின் முதல் அடியை மீட்டுவார், தந்தி தளரும், ஆணியைத் திருகுவார், மீண்டும் மீட்டுவார். நமக்குப் பொறுக்கவில்லை. அவர் முகத்திலோ சலிப்பே இல்லை. அந்த ஆணி பண்டும் அப்படித்தான் வழுக்கிற்றாம். அண்ணாவைப் பக்கத்தில் இருத்தி, “உன் ஆணி உன்னைப்போலவே சொற்கேளாது” என்று ஏசிக்கொண்டே வாசிப்பாராம்.

கார்த்திகை மழை தொடங்கியபோது தோல் தளர்ந்துவிட்டது. தாளம் கெட்ட பறையைச் சருகு நெருப்பிற் காய்ச்சி எடுப்பதுபோல, பெரியப்பா வட்டத்தை விளக்குச் சூட்டில் தூரப் பிடித்துக் காய்ச்சி வாசிக்கின்றார். ஈரக் காற்றினால் மரம் பருத்து, முதிரை ஆணி இப்போது சிக்கெனப் பிடித்து நிற்கின்றது. கோடையில் தோல் இறுகும், ஆணி வழுக்கும். மாரியில் ஆணி இறுகும், தோல் தளரும். செயற்கைப் போர்வையும் புதிய ஆணியும் போட்டிருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை என்று பேர்த்திக்குச் சொன்னோம். அவள் விளக்கமாகக் கேட்டுவிட்டு, அம்மப்பாவிடமே படிப்பதாகவும் இந்தப் பான்ஜோவிலேயே படிப்பதாகவும் சொன்னாள்.

நேயர்கள் வீட்டிலும் வளையிலே தொங்கும் வாத்தியமோ, அலுமாரிக்கு மேல் உறங்கும் தையல் இயந்திரமோ இருக்கலாம். திருத்துங்கள்; மேலே சொன்ன முறைகள் பயன்படும். கழற்றிய உறுப்புக்களை மாத்திரம் விறகுப் பெட்டியிற் போடாதீர்கள். ஒரு விசுக்கோத்துத் தகரத்திற் போட்டு, உரியவர் பார்த்து வேண்டாமென்று சொல்லும்வரை வைத்திருங்கள். நமது வீட்டில் இப்போது அத்தகரம் இரண்டு இருக்கின்றன.

2013ஆம் ஆண்டு புரட்டாதியிலிருந்து மாங்குளத்தினூடாக மீண்டும் புகையிரதம் ஓடுகின்றது. மாலை வண்டியின் சத்தம் கேட்டதும் பெரியப்பா பான்ஜோவை எடுக்கின்றார். பிள்ளை கதிரையின் பலகையிலே தாளம் போடுகின்றாள். சில வேளைகளில் தாளம் பிசகும். சந்தித் திருத்தகத்து இளைஞர் தமது இரண்டு கொக்கிகளும் எவை என்று தேடிக்கொண்டே கேட்கின்றார்.